முதல் ஸ்பூன்

டாக்டர் நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால் சொல்வது சுலபம் போலிருக்கிறது. அன்றைக்கும் கழற்றினார்.

“ரெண்டாவது தடவையா நெஞ்சுல சளி கட்டி காய்ச்சல் வந்திருக்கு. குடிக்கிறது இரைப்பைக்குப் போகாம மூச்சுக்குழாய்க்குள்ள போகுது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வாய்வழியா கொடுக்கிறதை நிறுத்திட்டு மூக்குல குழாய் போட்டுற வேண்டியதுதான். இந்த வயசுல போட்டா திரும்ப எடுக்கிறது சந்தேகம்.”

அம்மா தலையை ஆட்டினாள். பெரியவள் தலையை ஆட்டவில்லை; தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். வீட்டில் இரண்டே பிள்ளைகள் என்பதால் மூத்தவள் பெரியவள், இளையவன் சின்னவன். சின்னவனுக்கு நெற்றி உச்சிவரை ஏறிய பிறகும் பெயர் மாறவில்லை. கல்லூரியில் அவன் உயிர்வேதியியல் செய்முறை வகுப்பு ஆசிரியர். அங்கே அவனுக்கு வேறு பெயர் இருந்தது. அதை மாணவர்கள் அவன் காதுபட மட்டும் சொல்வதில்லை.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையையும் முகத்தில் பாதியையும் பேச்சில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் தொண்டையையும் தட்டிவிட்டுப் போனது. தொண்டையில் ஒரு கதவு இருக்கிறது. விழுங்கும்போது மூச்சுக்குழாயை அது மூடும். அப்பாவின் கதவு இப்போது அரசு அலுவலகத்துக் கதவு மாதிரி, நிதானமாகத்தான் மூடும். தண்ணீர், பால், டீ என்று ஓடி வருவதெல்லாம் கதவு மூடுவதற்குள் பக்கத்து வீட்டுக்குள் புகுந்துவிடும். அதனால் எதைக் கொடுத்தாலும் ஓடாமல் நடந்து வருகிற மாதிரி கெட்டியாகக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைப் பொடி எழுதிக் கொடுத்தார்கள். முழுக்க மாவுச்சத்து. டீயில் போட்டுக் கலக்கினால் டீ, டீ என்கிற எண்ணத்தையே கைவிட்டு, பசையாக நிற்கும்.

அந்தப் பொடிக்கு வீட்டில் ‘பசை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வைத்தது அப்பாதான். அவர் சுவரொட்டி ஒட்டியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். முதல் நாள் பசை டீயை விழுங்கிவிட்டு, கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: “ஊர்ச் சுவருக்கெல்லாம்... ஊட்டினேன்... இப்ப எனக்கு.” சொல்லிவிட்டு அரை முகத்தால் சிரித்தார். சிரிக்காத மறுபாதி, சொன்னது உண்மை என்பதுபோல இறுகிக் கிடந்தது.

*

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே சின்னவன் துப்பறிய ஆரம்பித்தான். படித்தவன் வீட்டில் பிரச்சினை வந்தால் முதலில் அகப்படுவது சமையலறையில் இருப்பவர்தான். பசையைக் கலக்குவது பெரியவள். இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. காலையில் வந்து கலக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள், மாலையில் மறுபடி வருவாள். எதையும் அளந்து போடுகிற பழக்கம் அவளுக்கு ஜென்மத்தில் கிடையாது. உப்பானாலும் பாசமானாலும் அவளுக்குக் கண்ணளவுதான்.

அப்பா குடித்து மிச்சம் வைத்த கோப்பையை எடுத்துச் சாய்த்துப் பார்த்தான். அடியில் கிடந்தது பசை இல்லை. சொளசொளவென்று தண்ணீராக ஓடியது.

“அக்கா, இது என்ன?”

“டீ.”

“இது கெட்டியா இருக்கா?”

“கலக்கும்போது ஸ்பூனைக் குத்தி நிறுத்துற மாதிரிதான்டா இருந்துச்சு.”

“அப்போ நடுவுல ஸ்பூன் ஏன் விழுந்துச்சாம்?”

“அதை ஸ்பூன்கிட்டயே கேளு.”

“விளையாடாதே. பொடியை நீ அளவு குறைச்சுப் போடுறே. ரெண்டு தடவை காய்ச்சல் வந்ததுக்குக் காரணம் அதுதான்.”

பெரியவள் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். அவள் சத்தமாகக் கோபப்பட்டால் பயமில்லை. பொருள்களை மெதுவாக வைக்க ஆரம்பித்தால்தான் பயம்.

“அப்பாவை நான்தான் படுக்க வெச்சேன்னு சொல்றியா?”

“அப்படிச் சொல்லல.”

“சொல்லு, பரவாயில்ல. காலேஜ்ல பசங்களுக்குச் சொல்லித்தர்றவன், சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளையிலேருந்து நீயே கலக்கு.”

அம்மா அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. முதலில் எச்சில் வழிந்துகொண்டே இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அது வாயைச் சுட்ட ஓடு மாதிரி உலர்த்திவிட்டது. ஆனாலும் துடைத்தாள்.

“ரெண்டு பேரும் சண்டையை வெளியில போய்ப் போடுங்க. அவர் காது நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

பெரியவள் வெளியே போனாள். சண்டையை உடன் எடுத்துப்போகவில்லை. அது வீட்டிலேயே இருந்தது.

மறுநாள் சின்னவனே கலக்கினான். கல்லூரியிலிருந்து கடன் வாங்கி வந்த தராசில் பொடியை நிறுத்து, பாலைக் குடுவையில் அளந்து, கலக்கிய பாலைக் கவிழ்த்துப் பார்த்தான். கோப்பை தலைகீழாக நின்றபோதும் பால் இறங்கி வரவில்லை. நிம்மதியாகக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது அப்பா இருமிக்கொண்டிருந்தார். அம்மா முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையில் மிச்சமிருந்த பால் பசுவிடமிருந்து அப்போதுதான் வந்ததுபோல் நீர்த்துத் தளும்பியது.

“அம்மா, இதுல தண்ணி ஊத்துனீங்களா?”

“நான் எதுக்குடா தண்ணி ஊத்தப் போறேன்? நேத்து அவ, இன்னிக்கு நானா?”

பொடிதான் போலி என்று முடிவு கட்டினான். மாலையில் வேறு கடையில் புது டப்பா வாங்கினான். அதுவும் அவன் கண்முன்னால் பசையாக நின்றது. அவன் முதுகைத் திருப்பினால் தண்ணீரானது. பேய்க்கதையில்தான் இப்படி நடக்கும். அறிவியல் படித்தவன் வீட்டில் நடந்தால் அதற்கு மரியாதை இல்லை.

*

அந்த வாரம் முதலாண்டு மாணவர்களுக்கு எச்சில் செய்முறை. அவனுடைய பட்டப்பெயரே அங்கிருந்து வந்ததுதான்: எச்சில் சார்.

செய்முறை எளிது. வேகவைத்த மாவுக் கரைசலை இரண்டு சோதனைக்குழாய்களில் எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எச்சில். கொஞ்ச நேரம் கழித்து இரண்டிலும் அயோடின் சொட்டு. மாவு இருந்தால் கருநீலம். எச்சில் விழுந்த குழாயில் நீலம் வராது. அங்கே மாவு சர்க்கரையாக உடைந்து போயிருக்கும். சோற்றையோ ரொட்டியையோ நிறைய நேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். செரிமானம் வயிற்றில் ஆரம்பிப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள்; வாயிலேயே பாதி வேலை தொடங்கிவிடுகிறது. இதைச் சொல்வது எளிது. சக மாணவிகள் முன்னால் ஒரு பையனைத் துப்பவைப்பதுதான் கஷ்டம். தெருவில் தாராளமாகத் துப்புகிறவனுக்கும் சோதனைக்குழாயைக் கொடுத்தால் வாய் வறண்டுவிடும்.

கடைசி மேசையிலிருந்து குரல் வந்தது. “சார், ரெண்டு குழாயுமே நீலமாகல.”

சின்னவன் போய்ப் பார்த்தான். இரண்டும் தேநீர் நிறத்தில் சாதுவாக நின்றன.

“எச்சிலை உறிஞ்சி எடுத்த பில்லரைக் கழுவுனீங்களா?”

“உதறிட்டோம் சார்.”

“உதறுனா கழுவுன மாதிரியா? அதே பில்லரை ரெண்டாவதுலயும் விட்டுருக்கீங்க.”

“நுனியில இருந்தது ஒரு சொட்டுகூட இல்லையே சார். அதுவா அவ்வளவு மாவையும் தின்னுச்சு?”

“அது தின்னாது. வெட்டும். மாவுச்சத்தோட ஒரு இழையை வெட்டிட்டு அடுத்ததுக்குப் போகும். களைச்சுப் போகாது, லீவு கேக்காது. நுனியில ஒட்டுனது போதும். கொஞ்ச நேரம் கொடுத்தா கெட்டியா இருந்த முழுக் குழாயையும் தண்ணி...”

நிறுத்தினான்.

“சார்?”

மாணவர்கள் காத்திருந்தார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான். “எச்சில் சாருக்கே வாய் வறண்டுடுச்சுடா.”

சின்னவன் ஜன்னலோரம் போய் நின்றான். தண்ணி என்ற சொல்லில்தான் அவனுக்குக் கோப்பை தெரிந்தது. கோப்பைக்குப் பின்னால் ஸ்பூன். ஸ்பூனுக்குப் பின்னால் அம்மா.

அப்பாவுக்கு ஊட்டுவது அம்மாவுக்குப் புதிதில்லை. சுவரொட்டிப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். அப்பா சாப்பாட்டு நேரத்தில் முழங்கைவரை பசையோடு வந்து நிற்பார். கழுவிவிட்டு வரச் சொன்னால், போகாது என்பார். கழுவினாலும் நகக்கண்ணில் பச்சையாக நிற்கும். அதனால் அம்மா ஊட்டிவிடுவாள். முதல் வாய் எப்போதும் அவளுக்கு: சூடு பார்க்க, உப்புப் பார்க்க. அவள் விழுங்கிவிட்டுத் தலையாட்டினால்தான் அவர் வாய் திறக்கும். “செத்தா ரெண்டு பேரும் சேர்ந்து சாவோம்னு ஒரு ஏற்பாடு” என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்வார். பிள்ளைகள் வளர்ந்து, அவர் வேலையை விட்டு, நகக்கண் வெளுத்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. அதே கை, முதல் வாய் அவளுக்கு. பக்கவாதத்துக்குப் பிறகு கைக்குப் பதில் ஸ்பூன் வந்தது, அவ்வளவுதான்.

அவள் முதல் ஸ்பூனை உதட்டில் வைத்துப் பார்க்கிறாள். அதே ஸ்பூன் கோப்பைக்குத் திரும்புகிறது. அப்பா மெதுவாகச் சாப்பிடுகிறவர்; ஒரு கோப்பைக்கு அரை மணி நேரம். நடுவில் ஆறிவிட்டதா என்று இன்னொரு முறை உதட்டில். அவள் வாயிலிருப்பது அவர் கோப்பையில் உட்கார்ந்து, லீவு கேட்காமல் வெட்டிக்கொண்டே இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் இதையே சொல்லிக்கொடுப்பவன் அவன். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள். பல்லியாவது தான் மட்டும் விழுந்தது.

*

வழியில் பெரியவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“உன் மேல தப்பில்லக்கா.”

“அது எனக்குத் தெரியும். உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

“இன்னிக்கு.”

“அப்போ யார் தப்பு?”

சொல்ல வாயெடுத்தான். அம்மாவின் எச்சில் என்று சொன்னால் அடுத்த வாக்கியம் என்ன என்று யோசித்தான். காய்ச்சல் இரண்டுக்கும் காரணம் யார் என்று அம்மாவே கேட்பாள். நாற்பது வருஷமாக முதல் வாயைத் தான் வாங்கிக்கொண்டு அவரைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பவள் அவள்.

“யார் தப்பும் இல்ல. அறிவியல்” என்றான்.

“அறிவியலுக்கு நம்ம வீட்டு அடுக்களையில என்ன வேலை?” என்று அவள் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

அம்மாவிடம் பொய் சொல்வது என்று வீடு வருவதற்குள் தீர்மானித்திருந்தான். சின்னப் பொய், மாத்திரை மாதிரி கொடுத்த மறுநிமிஷமே வேலை செய்யும் என்று நினைத்தான். “ஆஸ்பத்திரியில புதுசா சொல்லியிருக்காங்கம்மா. கிருமி பரவுதாம். நீங்க சூடு பார்க்கிறதுன்னா தனி கோப்பை, தனி ஸ்பூன். அப்பாவோடதுல உங்க வாய் படக் கூடாது.”

“என் வாயில என்னடா கிருமி?”

“எல்லார் வாயிலயும் இருக்கும்மா.”

“இத்தனை வருஷமா இல்லாத கிருமியா?”

“அப்போ அவர் தெம்பா இருந்தாரு.”

அம்மா எழுந்து போய் இரண்டு கோப்பை, இரண்டு ஸ்பூன் எடுத்துவந்தாள். அவருக்கு நல்லது என்றால் அவள் இரண்டு நாக்குகூட எடுத்துவருவாள்.

கட்டிலருகே உட்கார்ந்து தன் கோப்பையிலிருந்து தன் ஸ்பூனால் ஒரு வாய் விழுங்கித் தலையாட்டினாள். அந்த ஸ்பூனைத் தள்ளி வைத்தாள். கையைத் துடைத்தாள். அவர் ஸ்பூனை எடுத்து, அவர் கோப்பையிலிருந்து அள்ளி நீட்டினாள்.

“இந்தாங்க.”

அப்பா தள்ளி வைக்கப்பட்ட ஸ்பூனைப் பார்த்தார். துடைத்த கையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

“பசிக்கலையா?”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பால் கடைசிவரை பசையாகவே நின்றது. அவன் கணக்குச் சரி. கோப்பை மட்டும் நிறைந்திருந்தது.

அடுத்த வேளையும் அப்படியே. அதற்கடுத்த நாளும். உதட்டை ஈரப்படுத்தினால் சும்மா இருந்தார். ஸ்பூன் வந்தால் இறுக்கினார். செய்தி கேட்டுப் பெரியவள் சண்டையை ஒத்திவைத்துவிட்டு வந்தாள். அப்பாவின் காதருகே குனிந்து வெகுநேரம் என்னவோ கேட்டாள். அவர் இடது கையால் காற்றில் ஸ்பூனைத் தள்ளிக் காட்டிக் காட்டிச் சொன்னார். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

“என்ன சொன்னாரு?”

“‘அவளுக்கு என் வாய் அருவருப்பாயிடுச்சு’ங்கிறாரு. ‘கோணிப் போச்சுல்ல, அதான் தனி ஸ்பூன்’ங்கிறாரு. டேய், யாருடா அம்மாவைத் தனி ஸ்பூன் எடுக்கச் சொன்னது?”

சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பில்லர், நீலம், கோப்பை. பெரியவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாதது அவன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

“இதை உள்ள போய் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு.”

“சொன்னா அம்மா உடைஞ்சுருவாங்கக்கா.”

“சொல்லலைன்னா அவர் பட்டினி கிடக்கிறாரு. எது வேணும் உனக்கு?”

“நாளைக்குக் காலையில சொல்றேன். அம்மா கொஞ்சம் தூங்கி எந்திரிக்கட்டும்.”

ஒரே ஒரு இரவைத் தள்ளிப்போட்டான். பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்கிற கருணையெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான், நாளைக்குக் காலையில்.

காலையில் அப்பாவை எழுப்ப முடியவில்லை. கண் திறந்தார், மூடினார். கையைக் கிள்ளினால் தோல் கிள்ளிய இடத்திலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். “நெஞ்சு சுத்தமா இருக்கே” என்று ஆச்சரியப்பட்டார். “ஆனா உடம்புல தண்ணியே இல்ல. சாப்பாடும் இல்ல. இதுக்கு மேல காத்திருக்க முடியாது.” கண்ணாடியைக் கழற்றினார்.

*

குழாய் மூக்கில் போய், கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது. சொட்டு மருந்து ஏறி, மாலையில் அப்பா தெளிந்தார். அம்மாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

சின்னவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். இனி சொல்லாமல் வைத்துக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

“அப்பா. தனி ஸ்பூன் எடுக்கச் சொன்னது நான். கிருமின்னு பொய் சொன்னேன். அம்மாவுக்கு அருவருப்பெல்லாம் ஒண்ணுமில்ல.” பிறகு அம்மா பக்கம் திரும்பாமலே, முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்கிற குரலில் மிச்சத்தையும் சொன்னான். வேறு குரலில் சொல்ல அவனுக்கு வரவில்லை. எச்சிலில் இருக்கிற ஒன்று மாவை வெட்டும், வெட்டினால் கெட்டியானது நீர்த்துப் போகும், நீர்த்தது மூச்சுக்குழாயில் இறங்கும்.

அம்மா கடைசிவரை கேட்டாள்.

“அப்போ ரெண்டு காய்ச்சலும் என்னாலதான்.”

“அம்மா, அது வேணும்னு செஞ்சதா...”

“வேணும்னா செய்வாங்க? கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“ஆமா.”

பெரியவள் அம்மாவின் தோளில் கை வைத்தாள். அம்மா அந்தக் கையை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

நர்ஸ் பாலோடு வந்தாள். வீட்டுக்குப் போன பிறகு யார் ஊட்டுவது என்று கேட்டாள். நான்தான் என்று அம்மா எழுந்தாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்: தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும், பெரிய ஊசிக்குழலைக் குழாயின் முனையில் பொருத்த வேண்டும், உயரத்தில் பிடிக்க வேண்டும், பால் தானாக இறங்கும், அவசரப்படக் கூடாது.

“கெட்டியாக்கணுமா?” என்றாள் அம்மா.

“வேண்டாம்மா. இனிமே அந்தப் பொடிக்கு வேலையே இல்ல. தண்ணி மாதிரி இருந்தாத்தான் இறங்கும்.”

“சூடு?”

“மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க.”

அம்மா மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். பார்த்தாள். துடைத்தாள். பிறகு ஊசிக்குழலை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். வெள்ளைக்கோடு ஒன்று குழாய்க்குள் இறங்கி, கன்னத்தைத் தாண்டி, மூக்குக்குள் மறைந்தது.

அப்பா இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே வாயைத் திறந்தார். கோணலாக, முடிந்த அளவு அகலமாக, ஸ்பூனுக்குத் திறப்பதுபோல.

“வாயைத் திறக்கிறார்டா” என்றாள் அம்மா. கை இரண்டும் மேலே இருந்தன.

“வாய்வழியா இப்போ ஒண்ணும் கொடுக்கக் கூடாதும்மா” என்றாள் நர்ஸ், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபடி.

“மூடிக்கோங்க” என்றாள் அம்மா. “பால் போய்க்கிட்டுதான் இருக்கு. மூடிக்கோங்க.”

அவர் மூடவில்லை.